அப்புத்தளை தந்த பாட்டுக்காரர்

பாட்டொன்று நம் செவியை வந்தடையுமுன் பல கைகளைக் கடந்து வருகின்றது. சொல்லைக் கவிஞர் தருகின்றார். மெட்டை இசையமைப்பாளர் அமைக்கின்றார். பாடகர் அதற்குக் குரல் கொடுக்கின்றார். எந்த வாத்தியம் எங்கே ஓங்கவேண்டும், எங்கே அடங்கவேண்டும் என்பதைப் பதிவுக்கூடத்தில் அமர்ந்திருப்பவர் தீர்மானிக்கின்றார். திரைப்படப் பாடல்களைக் கேட்டே வளர்ந்த நமக்கு இத்தொழிற் பிரிவினை இயல்பானதாகத் தோன்றுகின்றது. ஆயினும், இவ்வேலைகள் அனைத்தையும் ஒருவரே தம் தோளிற் சுமப்பதும் உண்டு. சொல்லையும் இசையையும் ஒருங்கே ஆக்குபவரை நம் முன்னோர் 'வாக்கேயகாரர்' என்றனர். அவருடைய பணியோடு பதிவுக்கூடத்துப் பணியும் சேர்ந்தால் எவ்வாறிருக்கும் என்பதை மேலைநாட்டு ரொக் இசை நமக்குக் காட்டியது.

பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் நகரில் 1947 ஆம் ஆண்டு பிறந்த ஜெஃப் லின் இதற்குத் தக்க சான்றாவார். 1970 இல் தோன்றிய எலெக்ட்ரிக் லைட் ஓர்க்கெஸ்ட்ரா என்னும் குழுவின் பாடல்களை எழுதியவரும், பாடியவரும், பதிவுசெய்து உருவாக்கியவரும் அவரே. பின்னர் ஜோர்ஜ் ஹரிசன் போன்ற பிறரின் இசைத்தட்டுகளை உருவாக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார். 1980 இல் கொலையுண்ட ஜோன் லெனன் தம் வீட்டில் ஒரு கசெற்றிற் பாடிவைத்திருந்த முற்றுப்பெறாத பாட்டொன்று 1995 இல் பீட்டில்ஸ் குழுவின் புதிய இசைத்தட்டாக வெளிவந்தபோது, அப்பணியிலும் லின்னின் கை இருந்தது. இரைச்சல் மிகுந்த ஒரு வீட்டுப் பதிவு, எஞ்சியிருந்த தோழர்களின் குரல்களும் வாத்தியங்களும் சேர, உலகெங்கும் ஒலித்தது. இறந்தவரின் குரலை மீட்டெடுக்க ஒரு கசெற்றும், அதன் அருமை அறிந்த ஒருவரும், ஒரு பதிவுக்கூடமும் வேண்டியிருந்தன. இம்மூன்றையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று; இக்கட்டுரையின் பிற்பகுதியில் அவை மீண்டும் வேண்டப்படும்.

இத்தகைய பாட்டுக்காரர் ஒருவரைத் தேடிப் பிரித்தானியாவுக்குச் செல்லவேண்டியதில்லை. ஹாலிஎல நிலையத்திற் புகையிரதம் ஏறிக் கொழும்புப் பக்கமாகப் பயணஞ் செய்பவர் உடுவரை, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை ஆகியவற்றைக் கடந்து அப்புத்தளையை அடைவர். இருபுறமும் தேயிலை, இடையிடையே லயன்கள், மலைமுகட்டிற் காற்று. அந்த அப்புத்தளையில் 1943 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 3 ஆம் நாள் பிறந்தவர் கிளரன்ஸ் விஜேவர்தன. மின்கிதாரைச் சிங்கள மெல்லிசைக்குட் கொண்டுவந்தவர் என்றும், சிங்களப் பொப்பிசையின் தந்தை என்றும் அவரைப் போற்றுவர். தாமே எழுதினார், தாமே மெட்டமைத்தார், தாமே பாடினார், பிறரைப் பாடவும் வைத்தார். 1966 இலிருந்து 1996 இல் மறையும் வரை முப்பதாண்டுகள் அப்பணியினின்றும் அவர் விலகினாரல்லர்.

அவர் செய்ததன் அளவை உணர, அவருக்கு முன்பிருந்த நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். சிங்கள மொழியின் முதற் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947 இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர், படமாக்கப்பட்ட இடமும் தென்னிந்தியாவே. அதன்பின் நெடுங்காலம் சிங்களத் திரைப்பாடல்கள் இந்தி, தமிழ்ப் பாடல்களின் மெட்டுகளையே பெரிதும் நம்பியிருந்தன. ஆனந்த சமரக்கோன், சுனில் சாந்த போன்றோர் 1940 களிலேயே வேறு வழி தேடினர் என்பது உண்மை. பின்னர் அமரதேவ போன்றோர் வடஇந்திய இராகங்களின் துணையோடும் நாட்டார் இசையின் துணையோடும் உயர்ந்ததொரு மரபைக் கட்டியெழுப்பினர். மறுபுறத்தில், திருமண வீட்டிலும் விருந்திலும் துள்ளியாடப் பைலா இருந்தது. செவ்வியல் சார்ந்த பாட்டு ஒருபுறம், கூத்தும் கொண்டாட்டமும் மறுபுறம் என்றிருந்த நிலையில், பாடசாலை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் தன் மனத்தை மெல்லச் சொல்லுதற்குரிய பாட்டு அரிதாகவே இருந்தது.

அவ்விடைவெளியிற் புகுந்தவர்களே 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவினர். இரத்தினபுரியில் அனஸ்லி மாலேவனவும் கிளரன்ஸ் விஜேவர்தனவும் 1966 இல் அக்குழுவை அமைத்தனர். உலகெங்கும் இளைஞர் கிதாரைக் கையிலெடுத்திருந்த காலம் அது. பீட்டில்ஸ் குழுவினரையும் கிளிஃப் றிச்சர்டையும் பின்பற்றி ஆங்கிலத்திற் பாடிய குழுக்கள் கொழும்பிற் பல இருந்தன. அவற்றுட் பல இன்று நினைவிலும் இல்லை. கிளரன்ஸ் கிதாரை ஏற்றுக்கொண்டார். ஆயினும் தம் வாயில் இருந்த மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. கருவி வெளியூருக்குரியது, பேச்சு உள்ளூருக்குரியது என்னும் அத்தெளிவே அவரை நிலைபெறச் செய்தது எனலாம்.

திறமை ஒன்றே ஒரு கலைஞனை முப்பதாண்டுகள் தாங்கிவிடாது. அவனைக் கேட்போரிடம் கொண்டுசெல்லும் வழிகளும் வேண்டும். கிளரன்ஸுக்கு அவ்வழிகள் வாய்த்தன. வானொலி அறிவிப்பாளர் விஜய கொரயா இக்குழுவை இனங்கண்டு ஊக்குவித்தார். ஜெரால்ட் விக்கிரமசூரிய நடத்திய 'சூரியா' நிறுவனம் உள்ளூர்க் கலைஞர்களின் பாடல்களை இசைத்தட்டுகளாக வெளியிட்டது. இந்திராணி பெரேரா பாடிய 'தில்ஹானி' முதலிய பாடல்கள் அவ்வாறே பரவின. 'சூரியா' நிகழ்ச்சிகள் என்னும் பெயரில் மேடைகளும் அமைந்தன. வானொலி, இசைத்தட்டு, மேடை ஆகிய மூன்று கால்களில் நின்றே அப்பாட்டு வளர்ந்தது. பின்னர் 'கோல்டன் சைம்ஸ்', 'சுப்பர் கோல்டன் சைம்ஸ்' எனக் குழுக்களின் பெயர்கள் மாறின. உடன் நின்றோரும் மாறினர். கிளரன்ஸின் மெட்டுகளுக்குரிய அடையாளம் மட்டும் மாறவில்லை.

அவ்வடையாளம் யாது? முதலாவது, எளிமை. அவருடைய ஆரம்பகாலப் பாடல்களுள் ஒன்றான 'மேங்கோ களு நெந்தே' மாமி முறையான ஒருத்தியை விளித்து எழுந்தது. அதே காலப்பகுதியில் ஈழத்துத் தமிழில் துள்ளிசை என்றும் பொப்பிசை என்றும் ஒரு வகை தோன்றியபோது, நித்தி கனகரத்தினம் பாடிப் புகழ்பெற்ற பாட்டும் 'சின்ன மாமியே' என்றே மாமியை விளித்தது. ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தார் என்று கொள்ளவேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையிலும் வேலியோரத்திலும் நாளும் பேசப்படும் உறவுமுறையே பாட்டுக்குப் போதுமான பொருள் என்பதை இரு மொழியினரும் ஒரே காலத்திற் கண்டுகொண்டனர் என்பதே நோக்குதற்குரியது. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' இன்னும் ஒருபடி மேலே சென்று இரு மொழிகளையும் ஒரே பாட்டிற் கலந்தது. 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழ்த் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையிலும் அது இடம்பெற்றது.

இரண்டாவது அடையாளம், பிறர் குரலுக்கு இடங்கொடுத்தல். தாமே பாடவல்லவர் பிறருக்கென மெட்டமைக்கும்போது, தம் குரலையே மற்றவரிடத்தும் எதிர்பார்ப்பது வழக்கம். கிளரன்ஸ் அவ்வாறு செய்தாரல்லர். எச். டி. பிரேமரத்னவின் 'சிக்குருலியா' (1975), 'அப்பேக்ஷா' (1978) ஆகிய திரைப்படங்களுக்கு அவர் இசையமைத்தார். எனினும், அவருடைய பணியுள் மலையகத் தமிழர் சிறப்பாக நினைக்கத்தக்கது ருக்மணி தேவிக்காக அவர் அமைத்த 'மல்பர ஹிமிதிரியே' என்னும் பாட்டாகும். சிங்களத் திரையின் முதல் நாயகியான ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். அவர் 1923 இல் நுவரெலியாவை அடுத்த றம்பொடையில் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். ஒரு தலைமுறையின் இசையைத் தம் குரலாற் சுமந்து, வயதும் முதிர்ந்து, திரையின் ஒளி மங்கியிருந்த காலத்தில் அவருக்கு அப்பாட்டுக் கிடைத்தது. 1978 இல் வாகன விபத்தொன்றில் அவர் மறைந்தார். றம்பொடையிற் பிறந்த தமிழ்ப் பெண்ணின் குரலும் அப்புத்தளையிற் பிறந்த சிங்கள இளைஞரின் மெட்டும் மலர் நிறைந்த விடியலைப் பற்றிய ஒரு பாட்டில் ஒன்றாயின. மலைநாட்டின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் இதனை ஒதுக்கிவிட முடியாது.

இனி, இப்பாட்டுகளைக் கேட்டோர் பக்கம் திரும்புவோம். ஹாலிஎலயை அடுத்த தோட்டமொன்றிற் பிறந்து, அத்தோட்டப் பாடசாலையிலேயே ஆசிரியராகப் பணியாற்றிய ஒருவர் இருந்தார். கிளரன்ஸின் பாட்டுகளில் அவருக்குப் பெரும் பற்று. சிங்களத்தை அவர் புத்தகத்திற் கற்றவரல்லர். சந்தையிலும் பஸ்ஸிலும் வானொலியிலும் கற்றவர். பேச்சுமொழிக்கு அணுக்கமாய் அமைந்த கிளரன்ஸின் வரிகள் அவருக்குத் தடையின்றி விளங்கின. லயத்து வாசலில் டிரான்சிஸ்டரை வைத்துவிட்டு அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "மாஸ்டருக்குச் சிங்களப் பாட்டுன்னா சாப்பாடும் வேணாம்" என்று அயலவர் கேலி செய்வர். அவர் சிரித்துவிட்டு ஒலியைக் குறைப்பார், நிறுத்தமாட்டார்.

அப்பாட்டுகள் பிறந்த காலம் தோட்ட மக்களுக்கு எத்தகைய காலமென்பதை மறந்துவிடலாகாது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதென்றும் வகுத்தது. மூன்ஸ்டோன்ஸ் தோன்றியது அதற்கு இரண்டாண்டுகளின் பின்னராகும். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். ஒரே தண்டவாளத்தின் வழியே ஒருவர் புகழை நோக்கிப் பயணஞ் செய்த காலத்தில், அவர் பிறந்த மலையின் கொழுந்து பறித்த கைகள் அழுது விடைபெற்றுக்கொண்டிருந்தன. இதிற் கிளரன்ஸின் குற்றம் ஏதுமில்லை. ஆனால், ஒரே மலையில் யாருடைய பாட்டு இசைத்தட்டாகியது, யாருடைய பாட்டு ஒப்பாரியாய்க் காற்றிற் கரைந்தது என்னும் கேள்வி எழாமற் போகாது.

அக்கேள்வி அந்த ஆசிரியருக்கும் எழுந்தது. 1980 களின் தொடக்கத்தில், பதுளை நகரின் பதிவுக் கடையொன்றில் வெற்றுக் கசெற்றைக் கொடுத்துத் தாம் விரும்பிய கிளரன்ஸ் பாட்டுகளை அவர் பதிவுசெய்து வாங்கியிருந்தார். கசெற்றின் ஒரு பக்கத்தின் இறுதியிற் சில நிமிட நேரம் வெறுமையாக எஞ்சியிருந்தது. லயத்தில் அவருடைய அப்பாயி முறையான முதியவர் ஒருவர், கொழுந்துக் காட்டில் தம் இளமையிற் பாடிய பாட்டுகளை அவ்வப்போது முணுமுணுப்பதுண்டு. இரவல் வாங்கிய கருவியை அவர் முன் வைத்து, "அப்பாயி, அந்தக் கங்காணி பாட்டை ஒருக்காப் பாடுங்க" என்றார் ஆசிரியர். முதியவர் கருவியைப் பார்த்துக் கூசினார். "இதெல்லாம் ஒரு பாட்டாய்யா? களைப்புத் தெரியாம இருக்கச் சும்மா இழுக்கிறதுதானே! ரேடியோவில பாடுறதுதான் பாட்டு" என்றார். மிகவும் வற்புறுத்தியபின் பாடினார். மூச்சு இடையிடையே அறுந்தது; வெளியே கோழி கூவியது; யாரோ பீலிக்கரையில் வாளியை வைத்த ஓசையும் பதிவாயிற்று. கிளரன்ஸின் பாட்டுகளுக்குப் பின்னே, அதே நாடாவில், இரண்டு நிமிடத்துக்கும் குறைவான அக்குரல் நின்றது.

1983 யூலை மாத இறுதியில் வன்செயல் பதுளை நகரையும் விட்டுவைக்கவில்லை. தமிழர் கடைகள் எரிந்தன. ஆசிரியருக்குப் பாட்டுப் பதிந்து கொடுத்த கடையும் எரிந்தது. இரு இனத்தாரும் ஒரே பாட்டை முணுமுணுத்த ஊரில் இது நிகழ்ந்தது என்பதை மறைப்பதாற் பயனில்லை. இசை இனங்களை இணைக்கும் பாலம் என்று மேடைதோறும் சொல்லப்படுகின்றது. அப்பாலத்தின் மீது தீப்பந்தம் ஏந்தியவரும் நடந்து வரலாம் என்பதை அந்த யூலை காட்டிற்று. ஆசிரியர் அக்கசெற்றைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். பல ஆண்டுகள் வரை அதனை அவர் எடுத்தாரல்லர். சிங்களப் பாட்டின் மீது வெறுப்பு வந்ததா என்று நண்பரொருவர் கேட்டபோது, "பாட்டு என்ன செய்தது? கேட்கும்போது கடை ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்" என்று மட்டும் விடையளித்தார்.

இதற்கிடையிற் கிளரன்ஸின் பாட்டுகள் தம் வழியிற் சென்றுகொண்டிருந்தன. ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் பற்றிய அவருடைய பாட்டு, வேலை தேடித் தலைநகருக்கு வந்த சிங்களக் கிராமத்து இளைஞரின் நெஞ்சைத் தொட்டது. ஹாலிஎலத் தோட்டங்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வேலைக்குச் சென்ற தமிழ்ச் சிறுவரும் அப்பாட்டைக் கேட்டனர். கல்லாவுக்குப் பின்னால் ஒலித்த வானொலியில் அது வரும்போது அவர்களும் தம் தாயை நினைத்திருப்பர். தமக்கு வந்த கடிதத்தைப் பற்றித் தம் மொழியில் ஒரு பாட்டு வானொலியில் ஒலிக்கவில்லையே என்று அவர்கள் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். அவ்வாறு ஒன்று இருக்கக்கூடும் என்பதே அவர்களுக்குத் தோன்றியிராது. கவலைக்குரியது அதுவேயாகும்.

1996 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 13 ஆம் நாள் கிளரன்ஸ் விஜேவர்தன காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. வானொலி அன்று அவருடைய பாட்டுகளை அடுத்தடுத்து ஒலிபரப்பியது. ஹாலிஎல ஆசிரியர் தகரப் பெட்டியைத் திறந்து கசெற்றை எடுத்தார். நாடா சற்றே ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சிலாற் சுற்றி நேர்ப்படுத்தி ஓடவிட்டார். பாட்டுகள் முடிந்தபின் சிறிது மௌனம். அதன்பின் அப்பாயியின் குரல். அவர் இறந்து பல ஆண்டுகளாகியிருந்தன. அவர் பெயரில் ஒரு நிழற்படமும் வீட்டில் இருக்கவில்லை. ஆசிரியர் அப்பாட்டைச் சொல் சொல்லாக ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதினார். மறுவாரம் அடுத்த லயத்து முதியவர்களிடம் அக்கொப்பியோடு சென்றார்.

அவர் செய்தது முற்றிலும் புதியதன்று. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்ட மக்களின் துயரைப் பாட்டாக்கி அவர்கள் நடுவே பாடினார். சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983 இல் நூலாக வெளிவந்தது. எனினும் நூலில் இருப்பது சொல்லே. எந்த இடத்தில் மூச்சு எடுக்கப்பட்டது, எந்த அசை நீண்டது, தப்பின் அடி எங்கே விழுந்தது என்பவற்றை அச்சு சொல்லாது. காமன் கூத்தின் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் அறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்துவருகின்றனர். ஒருவர் மறையும்போது அவருடன் மறையும் மெட்டுகளின் தொகையை எவரும் எண்ணி வைப்பதில்லை.

கிளரன்ஸ் விஜேவர்தனவின் முப்பதாண்டுப் பணியைப் பாராட்டி முடித்துவிடுவது எளிது. அவரிடமிருந்து தமிழ் மாணவர் பெறத்தக்கது அதனினும் பெரிது. கருவியை எங்கிருந்தும் பெறலாம். பாட்டின் பொருளைத் தம் வாசலிலிருந்தே எடுத்தல் வேண்டும் என்பது அவர் காட்டிய முதற் பாடம். தம் குரலோடு நின்றுவிடாது, மங்கிக்கொண்டிருக்கும் முதிய குரலுக்கும் மெட்டுச் செய்து கொடுத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது பாடம் அவருடையதன்று. அவரைச் சூழ நின்றோருடையது. ஓர் அறிவிப்பாளரும் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தாரும் இல்லையெனின், இரத்தினபுரியில் எழுந்த அப்பாட்டு இரத்தினபுரியிலேயே அடங்கியிருக்கும். ஹாலிஎலயில் திறமைக்குப் பஞ்சமிருக்கவில்லை. அதனைக் கேட்டு, இது பாட்டுத்தான் என்று உறுதிகூறி, பதிந்து, பரப்புவோரே இருக்கவில்லை.

ஜோன் லெனனின் வீட்டுக் கசெற்றுக்குக் கிடைத்த வாய்ப்பு அப்பாயியின் கசெற்றுக்கும் கிடைத்தல் வேண்டும் என்று எண்ணுவது பேராசையாகத் தோன்றலாம். ஆயினும் இன்று பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருக்கின்றது. அன்றைய பதிவுக்கூடங்களில் இருந்தவற்றுட் பலவற்றை அக்கைத்தொலைபேசி தன்னுள் அடக்கிவைத்துள்ளது. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வருவோரின் தொகையும் முன்னைய தலைமுறையில் இருந்ததைவிடக் கூடியுள்ளது. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் தம் லயத்து முதியவர் முன் அதனை வைத்து ஒரு பாட்டைக் கேட்பாராயின், 'இதெல்லாம் ஒரு பாட்டா?' என்னும் கூச்சமான மறுமொழியே முதலில் வரும். அக்கூச்சத்தை ஒரு தலைமுறையின் மீது ஏற்றிவைத்தது வரலாறு. அதனை இறக்கிவைக்கும் பொறுப்புக் கற்றவருடையது. ஆம், இதுவும் பாட்டுத்தான் என்று விடைகூறத் தெரிந்திருப்பின், தமிழ்ச் சங்கங்கள் தம் பெயருக்குரிய பணியிற் பாதியைச் செய்தனவாகும்.